ஒண்ணுக்கப்புறம் நாலு

ஹலோ... ஹலோ! மேஸ்திரியா?... ஆமா, டீச்சர்தான் பேசறேன், வேற யாரு? எத்தனை தடவைதான் அடிக்கிறது உனக்கு? பதினோரு தடவை! எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன்... ஆஸ்பத்திரியில இருக்கேன்னு தெரியும்யா. வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன்னு நேத்தே சொல்லிட்டுத்தானே போன. ஆபரேஷன் அவ கண்ணுக்குத்தானே, உன் காதுக்கு என்ன வந்துச்சு?... இல்ல, இன்னிக்கு வாங்க போங்கல்லாம் கிடையாது. உன் ஆளுங்க முன்னாடி உனக்கு மரியாதை கெடக்கூடாதேன்னு இத்தனை நாளா மேஸ்திரி, நீங்கன்னு கூப்பிட்டேன். இன்னிக்கு நீ எனக்கு எட்டாங்கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தவன்தான். வாயை மூடிக்கிட்டுக் கேளு.

சுவரு பொளந்துடுச்சு.

...எந்தச் சுவரா? ஊர்ல எத்தனை சுவத்துக்கு அடியில குழி தோண்டி வச்சிருக்க நீ? எங்க வீட்டுப் பின்பக்கத்துச் சுவருதான்... ஆமா... ஆமா... அரை மணி நேரம் ஆச்சு. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், டம்முனு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா, அஸ்திவாரத்துக் கல்லுலேருந்து கிளம்பி, செங்கல்லைக் கிழிச்சுக்கிட்டு, ஜன்னல் மூலை வழியா மாடிக்கு ஏறிப் போகுது விரிசல்... எவ்வளவு அகலமா? கட்டைவிரல் நுழையுது... ஆமா, நுழைச்சுத்தான் பார்த்தேன்... சரி, சரி. இனிமே நுழைக்கல. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தற?

இரு, முழுசாக் கேளு. அவரு மேல இருக்காரு... எங்க வீட்டுக்காரருதான். அந்தச் சுவத்தை ஒட்டின ரூம்ல... ஆமா, நேர் மேலதான். கதவு திறக்கல. நிலை கோணிக்கிட்டு கதவைக் கவ்விப் பிடிச்சிருக்கு. தள்ளியும் பார்த்தாச்சு, இழுத்தும் பார்த்தாச்சு... அவருக்கென்ன கேடு, ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. 'ஏங்க, சுவரு விழப்போகுது, வெளிய வாங்க'ன்னு நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன், 'ஒரு ஒயரு பாக்கி, வரேன்'ங்கறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் உன் ஆளுங்க ரெண்டு பேரையும் கடப்பாரையோட மேல அனுப்பியிருக்கேன், கதவை ஒடைக்கச் சொல்லி...

...என்ன?... என்ன சொல்ற?... ஏன்?... அதிருமா?... ஐயையோ!

ஏம்பா! ஏம்பா, நிறுத்துங்க! கடப்பாரையை எடுக்காதீங்க! கதவுல கை வைக்காதீங்க! கீழ வாங்க ரெண்டு பேரும்! மெதுவா, மெதுவா! படியில குதிக்காதீங்க!

...நிறுத்திட்டாங்க. அடிக்கல, இன்னும் அடிக்கல... ஆமாய்யா, சத்தியமா அடிக்கல. சொல்லு... தெருப்பக்கமா? சரி, சொல்றேன்.

ஏங்க! கேக்குதா? எழுந்து தெருப்பக்கத்து மூலைக்குப் போய் உக்காருங்க! பின்சுவத்துப் பக்கம் வராதீங்க!... ரேடியோ கிடக்கட்டும்!... ரேடியோ இல்லாம ஒரு மணி நேரம் உயிரோட இருக்க முடியாதா உங்களால?... சரி, அதையும் தூக்கிட்டுப் போய்த் தொலைங்க!

...போயிட்டாரு. நாற்காலியை இழுக்கற சத்தம் கேக்குது. இப்ப என்ன பண்ணணும்?... ஜாக்கியா? எந்த ஜாக்கி, லாரிக்குப் போடறதா?... அது உன் வண்டியில இருக்கா? உன் வண்டி எங்க இருக்கு?... ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கா. ரொம்ப நல்லது. அங்க ஆஸ்பத்திரியைத் தூக்கி நிறுத்து... இரு, இரு. எதிர்ல ஒர்க்‌ஷாப் இருக்குல்ல. அந்த மெக்கானிக்கு கிட்ட இருக்கும்.

ஏம்பா, உயரமானவரே! எதிர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுங்க. டீச்சர் வீட்டுச் சுவரு விழப்போகுது, இருக்கற பெரிய ஜாக்கி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மெக்கானிக்கையே வரச் சொன்னேன்னு சொல்லுங்க. நீங்க, தொப்பி போட்டவரே, பின்னாடி கிடக்கற பலகையை எல்லாம் அள்ளிக்கிட்டு வாங்க.

...ஆளு போயிருக்கு. ஜாக்கி வர்ற வரைக்கும் உன்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கறேன். பதில் சொல்லு.

முதல் நாள் நீ வந்தப்ப என்ன சொன்ன? அடிச் செங்கல்லை விரலால சுரண்டின, சுரண்டினது மாவா கொட்டிச்சு. கீழ கல்லுக்குக் கல்லு நடுவுல இருந்த சுண்ணாம்புக் காரை எல்லாம் கரைஞ்சு, எறும்பு குடித்தனம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. மொட்டைமாடித் தண்ணி பதினஞ்சு வருஷமா இந்தச் சுவத்தோட காலடியிலயே விழுந்திருக்குன்னு நீதானே கண்டுபிடிச்சுச் சொன்ன? அன்னிக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? கணக்குல பதினாலு மார்க் வாங்கினவன் இன்னிக்குச் சுவத்தைத் தொட்டுப் பார்த்து வியாதி சொல்றான்னு தெரு பூரா சொல்லிட்டு வந்தேன்...

...குறுக்கப் பேசாத. நான் கேட்டேனா இல்லையா, 'மொத்தமா தோண்டி ஒரே மூச்சுல முடிச்சுடக் கூடாதா'ன்னு? நீ என்ன சொன்ன? 'டீச்சர், இது பல்லு பிடுங்கற மாதிரி. ஒண்ணை எடுத்தா ரெண்டு பக்கத்துப் பல்லும் தாங்கணும். வரிசையா மூணை எடுத்தா தாடை உக்காந்துடும். சுவத்தை ஆறு துண்டாப் பிரிச்சு, ஒரு துண்டுக்கு அடியில குழி எடுத்து, மக்கின கல்லையும் செங்கல்லையும் உருவிப் போட்டு, புதுசா கட்டி, அது இறுகின பின்னாடிதான் பக்கத்துக் குழி'ன்னு சொன்னியா இல்லையா?... சொன்னேங்கற. அப்புறம் என்னய்யா பண்ணி வச்சிருக்க? வரிசையா மூணு பல்லையும் பிடுங்கி வச்சிருக்கியே!

...சப்பைக்கட்டு கட்டாத! காலையில ஃபோன் பண்ணி, 'இன்னிக்கு ரெண்டாம் நம்பரையும் மூணாம் நம்பரையும் தோண்டுங்க'ன்னு ஆளுங்க கிட்ட சொன்னது நீயா இல்லையா? ஸ்பீக்கர்ல போட்டு என் காதால கேட்டேன்... ஆமாங்கற! கூச்சமே இல்லாம ஆமாங்கற! ஒண்ணாம் நம்பரைக் கட்டி நாலு நாள்தான் ஆகுது, இன்னும் ஈரமே காயல. அதுக்குள்ள ரெண்டும் மூணும் தோண்டினா சுவரு எதுல நிக்கும்? ஆகாசத்துலயா?... எங்க தோண்டியிருக்காங்களா? இது என்ன கேள்வி? ஒண்ணுக்குப் பக்கத்துல ரெண்டு, ரெண்டுக்குப் பக்கத்துல மூணு. அது வேற எங்கய்யா இருக்கும்?

...

ஹலோ?... ஹலோ! லைன்ல இருக்கியா?... இருக்க. அப்புறம் ஏன் மூச்சையே காணோம்? மாட்டிக்கிட்டோம்னு முழிக்கிறியா?... எதுல எழுதியிருக்குன்னா? சுவத்துலதான் எழுதியிருக்கு, நம்பரு... கேள்வியை மாத்தாத. இதோ மெக்கானிக்கு வந்துட்டாரு.

வாங்க, வாங்க மெக்கானிக்குத் தம்பி. மூணு ஜாக்கியா? நல்லதாப் போச்சு. குழிக்குள்ள இறங்காதீங்க, முதல்ல இவன் என்ன சொல்றான்னு கேட்டுக்குவோம்... நீ சொல்லு. நான் வாங்கிச் சொல்றேன்... ஸ்பீக்கர் வேண்டாமா? ஏன் வேண்டாம்?... சரி, உன் இஷ்டம். சொல்லு.

குழியில ஒருத்தருதான் இறங்கணுமாம்! ஒருத்தரு மட்டும். இன்னொருத்தரு மேல நின்னு சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணும், மண்ணு பொலபொலன்னு உதிர்ந்தா உடனே கையைப் பிடிச்சுத் தூக்கிடணும்... ம்... அடியில பலகை. ஒரு பலகை போதாது, குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணு... ம்... அது மேல ஜாக்கி. ஜாக்கித் தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல இன்னொரு பலகை... மக்கின செங்கல்லு மேல வைக்கக் கூடாதாம், நல்ல கல்லாத் தட்டிப் பார்த்து... எப்படித் தெரியும்?... தட்டினா கணீர்னு கேக்கணுமாம்! பொத்துன்னு கேட்டா அது வேண்டாம்!... ம்... தூக்காதீங்க! தூக்கறதுக்கு இல்லையாம். முட்டிக்கிட்டு நின்னாப் போதும்...

...முதல் ஜாக்கி வச்சாச்சு... தொப்பிக்காரருதான் இறங்கியிருக்காரு... நிக்குது... மண்ணு உதிரல. இல்ல, கொஞ்சம் உதிர்ந்துச்சு, இப்ப நின்னுடுச்சு. அந்த மனுசன் மேல உக்காந்துக்கிட்டுப் பாட்டு முணுமுணுக்கறாரு, கேக்குதா உனக்கு?... ரெண்டாவதும் வச்சாச்சு... மூணாவதா? எங்க, ஜன்னலுக்கு நேர் கீழயா?... தம்பி, ஜன்னலுக்கு நேர் கீழ... ம்... வச்சாச்சு.

அப்புறம்?... ஒரு நூல் அளவா? தம்பி, இப்ப ஒரே ஒரு நூல் அளவு தூக்கணுமாம். மூணையும் ஒண்ணா. அதுக்கு மேல ஒரு மயிரிழை கூடக் கூடாது... ம்... ம்... போதும்! போதும்!

...விரிசல் அப்படியேதான் இருக்கு. கூடல... சரி. மூடாதா, அதை அப்புறம் பார்த்துக்கலாமா? சரி. கதவு?... கீலுல இருக்கற ஸ்க்ரூவை உள்ள இருந்து அவரையே கழட்டச் சொல்லணுமா? அதுக்குன்னே பொறந்தவருய்யா அவரு. தலகாணிக்கு அடியிலயே ஸ்க்ரூடிரைவர் இருக்கும்.

ஏங்க! கதவுக் கீலைக் கழட்டுங்க! ஸ்க்ரூ, ஸ்க்ரூ! தட்டாதீங்க, அடிக்காதீங்க, பொறுமையாக் கழட்டுங்க!... எந்தக் கீலா? ரெண்டையும்தான்!... துருப்பிடிச்சிருக்கா? ரேடியோவுக்குப் போடற எண்ணெய் இருக்குல்ல, அதை விடுங்க!

...கழட்டறாரு. இப்பத்தான் மூச்சு வருது எனக்கு. உக்காந்துக்கறேன். நீ இரு, வைக்காத. உன்னை விட்டுட்டேன்னு நினைச்சியா? அவரு மட்டும் முழுசா வெளிய வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு... திரும்ப அதே கேள்வியா? நம்பரு எதுல எழுதியிருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கியே, அதுல என்ன இருக்கு? சாக்பீஸ்லதான் எழுதியிருக்கு. பளிச்சுனு, எல்லா நம்பரும் ஒரே உயரத்துல, அடியில கோடு போட்டு...

...என்னது?

...கரியிலயா. ஆமா. நேத்து கிளம்பறப்ப நீ கரிக்கட்டியிலதான் எழுதின. கோழி கிண்டின மாதிரி. ஆமா... ஆமா.

நேத்து நீ போன பின்னாடி... நேத்து நீ போன பின்னாடி நான் பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். சுவத்தைப் பார்த்தேன். ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு, ஆறுன்னு எழுதியிருந்துச்சு. அடப்பாவி, இன்னும் இவனுக்கு ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் வரிசையா எழுத வரலியேன்னு நினைச்சேன். சிரிச்சேன் கூட. கண்ணை உறுத்திச்சு. உள்ள வந்து சமைச்சேன், சாப்பிட்டேன், மனசு அங்கயே கிடந்துச்சு. திரும்பப் போய் ஈரத்துணியால அழிச்சுட்டு...

...ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

...

அது வரிசை நம்பரா. எதை முதல்ல தோண்டணும், எதை அப்புறம் தோண்டணும்னு. ஒண்ணு விட்டு ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வராம... ம்... ம்... புரியுது. நல்லாப் புரியுது. பல்லுக் கதை சொன்னப்பவே புரிஞ்சிருக்கணும். நீ குழிக்குப் பேரு மாதிரி நம்பரு வச்சிருக்கன்னு நான் நினைச்சுட்டேன். நாப்பது புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவளுக்கு இது தெரியல.

...இரு. இன்னும் இருக்கு. காலையில அந்த உயரமானவரு என்கிட்ட வந்து கேட்டாரு. 'அம்மா, மூணும் ஒட்டி ஒட்டி வருதே, சரிதானா'ன்னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உங்க மேஸ்திரி எழுதினது, எழுதினபடி தோண்டுங்க'ன்னேன். உன் பேரைச் சொன்னேன்யா. என் கையெழுத்துக்கு உன் பேரைச் சொன்னேன்.

உனக்கு எப்பத் தெரிஞ்சுது?... பக்கத்துல பக்கத்துலன்னு நான் சொன்னப்பவேவா? அப்பவே தெரிஞ்சா ஏன்டா சொல்லல? இத்தனை நேரம் என்னைப் பேச விட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தியா? பதினாலு மார்க்குன்னு சொன்னேன், வெக்கமில்லாதவன்னு சொன்னேன், எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு ஜாக்கியை எங்க வைக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கியே... முதல்ல சுவரு, அப்புறம் பேச்சுங்கற. சரி. சுவரு நின்னுடுச்சு. இப்பத் திட்டு. நல்லாத் திட்டு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளு... கேக்க மாட்டியா? ஏன் கேக்க மாட்ட? எனக்கு உன் மேலதான் கோவம் கோவமா வருது, திட்ட மாட்டேங்கறியேன்னு!

...யாரு? ஆ, வந்துட்டாரா! கதவை உருவிட்டாராம், மெக்கானிக்கு மேல போய்ப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு... இறங்கறாரு... மெதுவா, மெதுவா வாங்க... ரேடியோவையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டே வர்றாரு பாரு! ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? கொஞ்சமாவது? கூப்பிட்டா வர மாட்டீங்களா? ஒயரு முக்கியமா, உயிரு முக்கியமா?... என்ன சிரிப்பு? சிரிக்காதீங்க! வாசல் தாண்டிப் போய் நில்லுங்க! தெருவுக்குப் போங்க! நான் வந்து கூப்பிடற வரைக்கும் உள்ள வரக் கூடாது!

...அழலய்யா. யாரு அழறா? தூசி... சரி, அழறேன். என்ன இப்ப? அந்த மனுசன் முழுசா இறங்கிட்டாரு. என் சாக்பீஸால போயிருப்பாரு.

...ஃபோனை உன் ஆளுங்க கிட்டக் குடுக்கணுமா? எதுக்கு?... என்ன சொல்லப் போற அவங்க கிட்ட?... 'நான்தான் நம்பரை மாத்திச் சொல்லிட்டேன்'னு சொல்லப் போறியா! அதுக்குத்தான் ஸ்பீக்கர் வேண்டாம்னியா! எனக்கு நீ பரிஞ்சு பேச வேண்டாம். ஃபோனைத் தர மாட்டேன். வைக்காத. நீயும் கேளு.

ஏம்பா, ரெண்டு பேரும் இங்க வாங்க. மெக்கானிக்குத் தம்பி, நீங்களும்தான். கேட்டுக்கங்க. மேஸ்திரி நம்பரைச் சரியாத்தான் எழுதியிருந்தாரு. அதை அழிச்சுட்டு மாத்தி எழுதினது நான். காலையில நீங்க சந்தேகமாக் கேட்டப்ப, அவரு எழுதினதுன்னு பொய் சொன்னதும் நான். அவரைக் கண்டபடி பேசிட்டேன், உங்களையும் ஆபத்துல இறக்கி விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. நான் பண்ணின தப்பு... இல்லப்பா, பரவாயில்லன்னு சொல்லாதீங்க. பரவாயில்லாம இல்ல.

...கேட்டியா? கேட்டுச்சுல்ல. ம்.

இப்ப என்ன பண்ணணும்?... ஜாக்கியை யாரும் தொடக் கூடாது. சரி. ஒட்டின ரெண்டு குழியையும் இன்னிக்கே கட்டி அடைக்கணும். இன்னொரு ஆளை அனுப்பறீங்களா? சரி. நாங்க ரெண்டு பேரும் எதிர் வீட்டுல இருந்துக்கறோம்... இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு. என் நம்பரு இன்னும் சுவத்துல இருக்கு. வர்ற ஆளு அதைப் பார்த்துத் திரும்பத் தோண்டினா? இப்பவே அழிக்கிறேன்... பாத்திரம் துடைக்கிற துணி தோள்லயே கிடக்கு. அழிச்சுட்டேன்... இல்ல, நல்லாவே அழிச்சுட்டேன். ஏம்பா, மேஸ்திரி வச்சிருந்த கரிக்கட்டி எங்க கிடக்கு? எடுங்க... எனக்குக் குடுங்க, நானே எழுதறேன். தெரியுது, கை கருப்பாகும். ஆகட்டும்.

சொல்லுங்க மேஸ்திரி. இடது கோடியிலேருந்து.

ஒண்ணு... ம். எழுதிட்டேன்... நாலு... ம்... ரெண்டு... கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, கரி ஒடைஞ்சுடுச்சு... அஞ்சு... மூணு... ம்... ஆறு.

...இல்ல, கோடெல்லாம் போடல. கோணலாத்தான் வந்திருக்கு. திருத்த மாட்டேன்.

வாசிக்கிறேன், கேளுங்க. ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு, ஆறு.

...சரியாங்க?

...சரி. வச்சுடறேன்.